மோனோவா, பாலியா, மென்படலமா? மாடிக்கு எந்த சோலார் பேனல்?

சோலார் பேனல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றுதான். நான் முதலில் நிறத்தைப் பார்ப்பேன், மூன்று வகைகளில் எது என்று அதுவே சொல்லிவிடும். நீல நிறத்தில், அப்பிரகத் துண்டுகளை ஒட்டியதுபோலத் திட்டுத்திட்டாக மின்னினால் பாலி, அதாவது பல படிகச் சிலிக்கான். பேனலில் அடுக்கியிருக்கும் சதுரத் துண்டுகளான செல்கள் கருமையாக, மூலைகள் சீவப்பட்டு, நான்கு செல்கள் கூடும் இடத்தில் சின்ன வைர வடிவம் தெரிந்தால் மோனோ, அதாவது ஒற்றைப் படிகச் சிலிக்கான். செல்லே தெரியாமல், கருங்கண்ணாடியில் மெல்லிய கோடுகள் மட்டும் ஓடினால் மென்படலம்.

இந்தத் தோற்றத்துக்கும் மின்சாரம் பிறக்கும் விதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சிலிக்கான் செல்லின் ஒரு பக்கம் பாஸ்பரஸும் மறுபக்கம் போரானும் துளியளவு கலந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தானாகவே ஒரு மின்புலம் அமைகிறது. ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானை அந்தப் புலம் ஒரே திசையில் தள்ள, மேலே ஓடும் வெள்ளிக் கோடுகள் வாங்கிக்கொள்கின்றன. வழியில் எங்காவது அது மறுபடி சிக்கிக்கொண்டால், வந்த ஒளி வெறும் சூடாகிவிடும். பேனல்களுக்கு இடையிலான போட்டியில் பெரும்பகுதி இந்த இழப்பைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

பாலி செய்வது எளிது: உருக்கிய சிலிக்கானை அச்சில் ஊற்றி இறுகவிட்டு, வில்லைகளாக அறுப்பார்கள். ஆனால் இறுகும்போது பல படிகங்களாகப் பிரிந்துவிடும். அந்த எல்லைகளில் எலக்ட்ரான்கள் மாட்டிக்கொள்ளும். மோனோவுக்கு ஒரு விதைப் படிகத்தை உருகிய சிலிக்கானில் தொட்டு, சுழற்றியபடி மெதுவாக மேலே இழுப்பார்கள். முழு உருளையும் ஒரே படிகமாக வளரும். உருளையைச் சதுரமாக்கியதன் தழும்புதான் அந்தச் சீவிய மூலைகள். பாலியின் திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 16, 17 சதவீதம். மோனோ 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். 3 கிலோவாட்டுக்கு மோனோ 160 சதுர அடி கேட்டால், பாலி 200 கேட்கும். துணி காயப்போடவும் வற்றல் உலர்த்தவும் இடம் வேண்டிய மாடியில் அந்த 40 சதுர அடி பெரிது.

அடுத்தது வெயில். வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்று நம்புகிறோம். கூட்டுவது ஒளி, சூடு குறைக்கத்தான் செய்யும். பேனலில் அச்சிட்ட வாட், 25 டிகிரியில் அளந்தது. நம் ஊர்ச் சித்திரை நண்பகலில் பேனல் 65 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ சுமார் 0.35 சதவீதமும், பாலி 0.4 சதவீதமும் இழக்கும். 400 வாட் மோனோ அப்போது 344 வாட்டுக்கு இறங்கிவிடும்.

சூட்டை நன்றாகத் தாங்குவது மென்படலம், இழப்பு 0.3 சதவீத அளவில்தான். கண்ணாடியின் மேல் ஒளியை மின்சாரமாக்கும் காட்மியம் டெலுரைடு என்ற சேர்மத்தைச் சில மைக்ரான் தடிமனில் படியவைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகிலேயே 2024-இல் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் இதற்கு ஆலை திறந்தது. இருந்தும் இது பெரிய மின்நிலையங்களின் பேனல். ஒரு வீட்டுக்கு ஏழெட்டு வாங்குவது சுலபமல்ல.

ஆகவே வீட்டுக்கு மோனோதான் என் தேர்வு. பாலி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பேனலைத் தரையோடு படுக்கவைக்காமல், அடியில் காற்று ஓட ஓர் அடியாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.

நிழலையும் பார்த்துவிடுங்கள். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், நிழல் விழுந்த ஒன்று மற்றவற்றின் ஓட்டத்தையும் மறிக்கும். எங்கள் மாடியில் மாலை மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் கையகலம் ஏறும். உடனே இன்வெர்ட்டர் காட்டும் எண் சரியும். பேனலை மாற்றவில்லை, தொட்டியை வடக்குப் பக்கம் நகர்த்தினோம். எண் அதன்பின் சரியவில்லை.