பேட்டரி மாற்றக் கொடுத்தேன், மாட்யூலையே மாற்றிவிட்டார்கள்

பழைய டிஜிட்டல் வாட்ச் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கேசியோ வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் செல் மாற்றப் போங்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் செல் போடக் கொடுத்த என் கேசியோ எஃப்-91டபிள்யூ வேறொரு வாட்ச்சாகத் திரும்பி வந்திருக்கிறது. வெளியே அதே கேஸ், அதே கீறல்கள், அதே பின்மூடி. உள்ளே இருந்த அசல் மாட்யூலை, அதாவது சிப்பும் திரையும் சேர்ந்த உள்பாகத்தை, எடுத்துவிட்டு, பெயரே இல்லாத ஒரு மலிவு மாட்யூலை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"புதுசாவே ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்குதே, இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நான் சேர்ப்பது டிஜிட்டல் வாட்ச் மட்டும்தான். சுவிஸ் மெக்கானிக்கல் வாட்ச் சேர்க்க வேண்டுமென்றால் லட்சங்கள் வேண்டும். டிஜிட்டலில் ஒரு சாதாரண சம்பளக்காரர் முழு வரலாற்றையும் ஒரு டப்பாவுக்குள் அடக்கிவிடலாம். அந்த வரலாறும் லேசுப்பட்டதல்ல. 1972-ல் ஹாமில்டன் நிறுவனத்தின் பல்சர் டிஜிட்டல் வாட்ச் வந்தபோது அது 18 காரட் தங்கம், விலை 2,100 டாலர். சிவப்பு எல்.இ.டி. எழுத்து பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால் பட்டனை அழுத்தினால்தான் மணி தெரியும். அடுத்த வருடமே சீக்கோ எப்போதும் ஆறு இலக்கம் தெரிகிற எல்.சி.டி. வாட்ச்சைக் கொண்டுவந்தது. 1974-ல் வந்த கேசியோட்ரான் எந்த மாதத்துக்கு 30, எந்த மாதத்துக்கு 31 என்று தானே கணக்குப் பார்த்தது. 1976-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிளாஸ்டிக் எல்.இ.டி. வாட்ச்சை 20 டாலருக்கு விற்றது. நான்கே வருடத்தில் இவ்வளவு இறக்கம். பணக்காரர் கையில் இருந்த ஒரு பொருள் இத்தனை சீக்கிரம் எல்லார் கைக்கும் வந்த கதை எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எஃப்-91டபிள்யூ 1989-ல் வந்தது. இன்றும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்பனையில் இருக்கிறது. என்னுடையது மாமா துபாயிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அப்போது பர்மா பஜாரில் கேசியோவை ஆசையோடு வேடிக்கை பார்த்துவிட்டு வந்த வயது எனக்கு. இந்தக் கையில் அது ஏறிய அன்று தெருவே மணி கேட்டது.

மெக்கானிக்கல் வாட்ச்சில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் கைதேர்ந்தவர் இன்னொன்று செய்து போட்டுவிடுவார். டிஜிட்டலில் அது நடக்காது. சிப்பையும் திரையையும் யாரும் கையால் செய்ய முடியாது. அதனால் சேகரிப்பவர்களுக்கு மாட்யூல்தான் வாட்ச். கேஸ், ஸ்ட்ராப், கண்ணாடி எல்லாம் மாறலாம். மாட்யூல் போனால் கையில் இருப்பது வெறும் கூடு.

சரி, நடந்ததற்கு வருகிறேன். திரை மங்கிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். வேறு எந்தக் கோளாறும் இல்லை. கொடுப்பதற்கு முன்பே வீட்டில் பின்மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி உள்ளே படம் எடுத்து வைத்திருந்தேன். பழைய வாட்ச் எதை வெளியே கொடுத்தாலும் அப்படிச் செய்வது என் வழக்கம். கடைக்காரர் "சிஆர் 2016 செல் இப்ப இல்ல சார், வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் ரெடியா இருக்கும்" என்றார். கண்ணெதிரே போட்டுக் கொடுங்கள் என்றேன். செல்லே இல்லாமல் எப்படிப் போடுவது என்றார். டோக்கனில் மாடல் பெயரை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். மாலையில் ஜிபே-யில் 200 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "செல்லு போடறதுக்கெல்லாம் பில்லு கிடையாது சார்" என்று பதில்.

பஸ்ஸில் ஏறி லைட் பட்டனை அழுத்தியதுமே உறுத்தியது. அசலில் இடது ஓரத்திலிருந்து மங்கலாக ஒரு பச்சை வெளிச்சம் பரவும். இதில் நீலம் பளீரென்று அடித்தது. அடுத்து வலது பக்கப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தேன். அசல் எஃப்-91டபிள்யூவில் அப்படிச் செய்தால் திரையில் இலக்கங்கள் மறைந்து கேசியோ என்ற பெயர் வரும். என் வாட்ச்சில் எத்தனையோ நண்பர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். இப்போது 12 மணி, 24 மணி என்று மாறியதே தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். நான் எடுத்த படத்தில் செல்லைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில் 593 என்ற மாட்யூல் எண் தெளிவாகத் தெரிகிறது. பின்மூடியிலும் அதே 593 இருக்கிறது. இப்போது உள்ளே இருப்பதில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. ஈரம் உள்ளே புகாமல் தடுக்கிற பின்மூடி ஓரத்து ரப்பர் வளையத்தையும் காணோம். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வசிக்கிறவனுக்கு அந்த வளையம் எவ்வளவு முக்கியம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் படத்தோடு போய் நின்றேன். முதலில் "நீங்க குடுத்ததே இதுதான்" என்றார். படத்தைக் காட்டியதும் "எல்லாம் ஒண்ணுதான் சார், டைம் காட்டுதுல்ல" என்று பேச்சு மாறியது. பழையதைக் கொடுத்துவிடுங்கள், உடைந்திருந்தாலும் பரவாயில்லை என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "அது ஷார்ட் ஆயிடுச்சு, தூக்கிப் போட்டாச்சு." 200 ரூபாயைத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். செல்லின் தகட்டை நெம்பும்போது கொக்கி உடைந்திருக்கலாம், அல்லது செல் போட்டபின் ரீசெட் செய்யத் தெரியாமல் திரை வராததால் செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கலாம் என்றார். இந்த ரீசெட் விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்யூலில் ஏசி (AC) என்று குறித்த ஒரு சின்னப் புள்ளி இருக்கும். புது செல் போட்டதும் அதையும் செல்லின் பிளஸ் பக்கத்தையும் ட்வீசரால் ஒரு நொடி தொட வேண்டும். அதைச் செய்யாததாலேயே நல்ல மாட்யூல்கள் குப்பைக்குப் போகின்றன. பின்மூடியில் ஒட்டியிருக்கும் பீப் தகட்டுக்கு மின்சாரத்தைக் கடத்துகிற மயிரிழை ஸ்பிரிங்கும் அப்படித்தான், தெறித்து விழுந்தால் தேடக்கூட மாட்டார்கள்.

கை தவறி உடைந்திருந்தால் உடைந்தது என்று சொல்லியிருக்கலாம். வருத்தப்பட்டிருப்பேன், ஆனால் உடைந்ததை வாங்கிக்கொண்டு வந்து இன்னொரு வழி பார்த்திருப்பேன். சொல்லாமல் வேறொன்றை உள்ளே வைத்து மூடி, அதற்குக் காசும் வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டிஜிட்டல் வாட்ச் என்றால் விளையாட்டுப் பொருள், யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தானே இதற்குக் காரணம்?

ஆகவே செல்லை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். அப்போது "ஸ்டாக் இல்லை" என்று வாட்ச்சை வாங்கி வைக்க வழி இருக்காது. எதிரில் திறந்து எதிரிலேயே மூடச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த கடை. உள்ளே இருக்கும் மாட்யூல் எண்ணும் பின்மூடி எண்ணும் தெரியும்படி முன்கூட்டியே படம் எடுத்து வையுங்கள். பட்டன் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், இப்போது சில போலிகளே அதையும் காட்டுகின்றன.

பில் தர மறுப்பதே 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். டோக்கன், ஜிபே ரசீது, முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் சேர்த்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பாரிமுனைப் பக்கம் சமீபத்தில் கேசியோவுக்குச் செல் மாற்றியவர்கள் இன்றே வாட்ச்சைத் திறந்து எண்ணைச் சரிபாருங்கள். மாறியிருந்தால் படத்தோடு எனக்குத் தகவல் அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். பழைய 593 மாட்யூல், ஓடாததாக இருந்தாலும் சரி, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.