மானிப்பாயில் ஒரு ஞாயிறும் ஒரு செவ்வாயும்

ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய சொக்லேட் கொண்டுபோன காலம் எனக்கு முடிந்துவிட்டது. இந்த முறை பெட்டியில் நான்கு கிலோ மருந்து. லண்டன் ஹரோவில் தெரிந்த வீடுகளில் மிஞ்சிக் கிடந்த குளிசைகள், பாரிஸிலிருந்து மச்சாள் அனுப்பிய ஒரு பொதி, இறந்துபோன ஒருவரின் மேசை லாச்சியைத் துடைத்து அவருடைய மகன் கொண்டுவந்து தந்த ஒரு பை. 2022இல் டொலர் இல்லாமல் இலங்கையில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிடித்த பழக்கம் இது. தட்டுப்பாடு தணிந்த பிறகும் நாங்கள் விடவில்லை. கொடுக்கிற கைக்கு அதில் ஒரு சுகம் இருக்கிறது.

நானும் இதய நோயாளிதான். மூன்று வருடங்களுக்கு முன் நெஞ்சை அடைத்து, லண்டனில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு எட்டுக் கிழமை ஒரு மண்டபத்தில் புனர்வாழ்வு வகுப்பு. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு நினைவுகள் உண்டு என்பதால் உடற்பயிற்சி வகுப்பு என்றே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது கிழமை கைகுலுக்கி, துண்டுப்பிரசுரங்கள் நிறைந்த கோப்பு ஒன்றைத் தந்து அனுப்பிவிட்டார்கள். தமிழில்கூட ஒன்று இருந்தது. அந்தக் கோப்பு இன்னும் சமையலறை அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது. குறை சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறேன், ஒழுங்காகக் குளிசை போடுகிறேன், அது போதும் என்று இருந்தவன் நான்.

அத்தானுக்குப் போன வருடம் வந்தது. விடியப்புறம் மூன்று மணி. அக்கா 1990 என்ற இலக்கத்தை அழைக்க, அம்புலன்ஸ் வாசலுக்கே வந்துவிட்டது. இந்திய நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய சேவை அது. 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்தது. ஒரு சதம் கட்டணம் கிடையாது. எங்கள் ஐயாவுக்கு இதே வலி 1994இல் வந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஒன்றைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணித்தியாலம் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டார். செய்தி லண்டனில் என் கைக்குக் கிடைத்தபோது இங்கே அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

"மருந்தை என்னிடம் தராதே. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டு வா" என்றார் அத்தான்.

ஊரிலுள்ள இதய நோயாளிகள் கூடும் அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை, பதிவு இல்லை, தலைவர் இல்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு, பேப்பர் வாசிக்க வருகிறவர்கள் எழுந்து போனதும், சனசமூக நிலையத்தின் வாங்குகளை இழுத்துப் போடுவார்கள். ஒரே கிளினிக் நாளுக்குப் போகும் மூன்று பேர் ஓட்டோக் காசைப் பங்கு போட்டதில் தொடங்கியதாம். நான் போன அன்று முப்பது பேருக்குக் கிட்ட இருந்தார்கள். வாசலில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று. அதற்குப் பொறுப்பான ஓட்டோக்கார அண்ணை யாரையும் வந்த கையோடு அளக்கவிட மாட்டார். "ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், கதைக்க வேண்டாம், காலுக்கு மேல் கால் போட வேண்டாம்" என்று வெருட்டி இருத்திவிட்டுத்தான் கைப்பட்டியைச் சுற்றுவார். லண்டனில் எனக்கு எத்தனையோ தடவை கதைத்துக்கொண்டே அளந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் கையைத் தட்டியதும் எல்லோரும் கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார்கள். பக்கத்து ஆள் குளிசையின் பெயரை வாசிக்க வேண்டும். கொப்பிக்குச் சொந்தக்காரர் அது எதற்கு என்று சொல்ல வேண்டும். அஸ்பிரின் என்றால், இரத்தம் கட்டியாகாமல் இருக்க. அட்டோர்வாஸ்டாட்டின் என்றால், கொழுப்புக்கு. குழாயின் உள்ச்சுவரில் படிந்தது வெடிக்காமல் இருக்கவும். பிசோப்ரோலோல், இதயம் ஓடி ஓடிக் களைக்காமல் இருக்க. தெரியாதவருக்குத் தேநீர் கடைசியில்தான். எழுபது வயது மனிதர்கள் வகுப்பில் கேள்விக்கு எழுந்து நிற்கும் பிள்ளைகளைப்போல முழித்ததைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. என் முறை வந்தபோது, நான் விருந்தாளி என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நோய் நிர்ணய அட்டை தருவார்கள். என்ன நோய், என்ன செய்தோம், என்ன மருந்து என்று எல்லாம் அதில் இருக்கும், ஆங்கிலத்தில். அதை வாசிக்கத் தெரியாத மனிதர் தன் உயிரைப் பற்றிய முக்கியமான கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்தவரைத் தேட வேண்டும். இத்தனைக்கும் இது மானிப்பாய். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1848இல் இங்கே வந்து மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கி, பிறகு தமிழிலேயே படிப்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கிய ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊரில் தமிழில் டொக்டர் ஆக முடிந்தது. இன்று தமிழில் நோயாளி ஆக முடியவில்லை. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "அதனால்தான் தம்பி கொப்பி மாற்றுகிறோம்" என்று மட்டும் சொன்னார்.

என் நான்கு கிலோவுக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற மருந்தாளர் ஐயா ஒருவர் பையை மேசையில் கவிழ்த்து மூன்று குவியலாகப் பிரித்தார். திறந்த போத்தல்கள், வேறொருவருடைய பெயர் ஒட்டிய டப்பாக்கள், பாதி வெட்டிய அட்டைகள் ஒரு பக்கம். இங்கேயுள்ள கடைகள் மட்டும் நியாயம் என்று நினைக்க வேண்டாம். நகரத்தில் ஒரு தனியார் மருந்தகத்தில் நான் வாங்கிய அட்டையிலும் காலாவதித் திகதி இருந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் தந்தார்கள். இரண்டாவது குவியல் பிரெஞ்சு வணிகப் பெயர்கள். மூன்றாவதுதான் பிழையில்லாதது. அதிலும் பத்து மில்லிகிராம் பிசோப்ரோலோல் ஒரு பெட்டி. இங்கே பலருக்கு இரண்டரை மில்லிகிராம்தான். "இதை ஆரிடமாவது கொடுத்து, அவர் முழுதாகப் போட்டால் நாடி விழுந்துவிடும். நல்ல மனதோடு கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்றார். அந்தக் கடைசி வசனம்தான் சுட்டது.

அவர் வணிகப் பெயரைக் காதில் போட்டுக்கொள்ளாதவர். சேனக பிபிலேயின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கனியும். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, அதன் முதல் தலைவராக இருந்து, மருந்தைக் கம்பனி வைத்த பெயரில் அல்லாமல் அதன் பொதுப் பெயரில் எழுதி வாங்க வேண்டும் என்று நின்றவர் பிபிலே. அரசியல் கதையாகத் தொடங்கியது, ஐயாவின் வாயில் மிக நடைமுறையான இடத்தில் வந்து முடிந்தது: பொதுப் பெயர் தெரியாததால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தடவை போட்டு, தலைசுற்றி விழுந்தவர்கள் இந்த வாங்குகளிலேயே இருக்கிறார்கள்.

பிறகு அவர் தன் பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிப் போத்தலை எடுத்தார். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை. பலர் அதைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துத் திரிகிறார்கள். வெயிலிலும் காற்றிலும் அதன் வீரியம் போய்விடும். கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும், திறந்து எட்டுக் கிழமையானால் புதிது வாங்க வேண்டும். நின்றுகொண்டு வைக்கக் கூடாது, உட்கார்ந்து வைக்க வேண்டும். அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவீர்கள். உடனே நான்கு பேர் சட்டைப் பையைத் தடவினார்கள்.

தேங்காய்ப்பால் சண்டையை விரிவாக எழுத ஆசைதான். முதற்பால் விடாமல் கறி வைத்தால் அது கறியா என்று ஒருவர், ஸ்டென்ட் வைத்த பிறகும் முதற்பால் கேட்பவன் மனிதனா என்று இன்னொருவர். முடிவு காணாமல் தேநீர் வந்தது. சீனி போடாத தேநீர், கூடவே எண்ணெய் வடியும் வடை. இதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லாததால் நானும் சொல்லாமல் இரண்டு சாப்பிட்டேன்.

ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் பத்துப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பின் வாங்கில். கொப்பியை மாற்றினார்கள், சரியாகவும் சொன்னார்கள், வேறு பேசவில்லை. முடிந்து வெளியே செருப்புத் தேடும்போதுதான் ஒரு அக்கா தன் கதையைச் சொன்னார். அவருக்கு நெஞ்சு வலிக்கவே இல்லையாம். தாடையும் முதுகும் இழுத்தது, சத்தி வந்தது, படி ஏற மூச்சு வாங்கியது. வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு ஒன்றரை நாள் வீட்டில் இருந்திருக்கிறார். பெண்களுக்கு மாரடைப்பு இப்படி வேடம் மாற்றி வருவது அபூர்வமில்லை; தேங்காய்ப்பாலுக்குப் போன அரை மணித்தியாலம் இவருக்குப் போயிருக்க வேண்டும். மாஸ்டரிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. அடுத்த மாதம் அவரையே முன்னுக்கு அழைப்பதாகச் சொன்னார்.

கையில் காசு இருக்கிற வெளிநாட்டுக்காரன் கேட்பதை நானும் கேட்டேன்: "உங்களுக்கு என்ன தேவை?" பொன்னாடைக்குத் தயாராகத்தான் இருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "செவ்வாய்க்கிழமை காலை சும்மாதானே இருக்கிறீர்கள்? நவாலியில் ஒரு அம்மாவுக்கு முதல் கிளினிக். மகன் கட்டாரில். கூடப் போக ஆள் வேண்டும்."

போனேன். ஆறு மணிக்கு முன்பே இலக்கத் துண்டு எடுத்து, பத்தரை மணிவரை வாங்கில். அம்மா தன் அட்டையைக் காணி உறுதியோடு சேர்த்து ஒரு சேலைப் பெட்டியில் வைத்திருந்தவர். அன்று பெட்டியோடே வந்திருந்தார். மாஸ்டர் ஒரு துண்டில் மூன்று கேள்வி எழுதித் தந்திருந்தார்: எக்கோ என்ற இதய ஸ்கேன் அடுத்தது எப்போது, எந்தக் குளிசை வாழ்நாள் முழுக்க, எந்தக் குளிசைக்கு முடிவுத் திகதி உண்டு. இளம் டொக்டர் பெண். களைத்துப் போயிருந்தார். ஆனாலும் மூன்றுக்கும் மறுமொழி சொல்லி, அம்மாவுக்கு விளங்கியதா என்று திருப்பிச் சொல்ல வைத்தார். முதல் எக்கோவின் முடிவு கொப்பியிலேயே ஏற்கெனவே ஒட்டியிருந்தது: நாற்பது. இதயம் ஒரு தடவை சுருங்கும்போது இடது கீழறையில் இருக்கும் இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை.

வெளியே வந்து ஓட்டோவுக்கு நிற்கும்போது அம்மா கேட்டார்: "தம்பிக்கும் இந்த வருத்தம்தானே. உங்களுக்கு எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை. ஸ்டென்டின் விலையிலிருந்து ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடக் கட்டணம் வரை சொல்ல முடிந்த எனக்கு, என் இதயத்தின் இலக்கம் தெரியவில்லை.

ஹரோவுக்குத் திரும்பிய கிழமை அலுமாரிக்கு மேலிருந்த கோப்பை இறக்கினேன். துண்டுப்பிரசுரங்களுக்கு அடியில் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. நாற்பத்தெட்டு. படம் எடுத்து, இப்போது நான் போடும் குளிசைகளின் பட்டியலையும் எழுதி, வட்ஸ்அப்பில் மாஸ்டருக்கு அனுப்பினேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

யாழ்ப்பாணத்தில் அப்போது இரவு பத்தரை மணி இருக்கும். பத்து நிமிடத்தில் மறுமொழி வந்தது.

"நல்லது தம்பி. கடிதத்தில் நான்காவது அட்டோர்வாஸ்டாட்டின். உங்கள் பட்டியலில் அது இல்லை. டொக்டர் நிறுத்தினாரா, நீங்கள் நிறுத்தினீர்களா?"

கால் உளைகிறது என்று போன கோடையில் நானாக நிறுத்தியது அது. மனைவிக்கும் தெரியாது.