சோழர் கோயில்களுக்கு இரண்டு நாள்: தங்குவது தஞ்சாவூரிலா, கும்பகோணத்திலா?

சனி, ஞாயிறு இரண்டே நாளில் தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் தஞ்சாவூரில் ரூம் போட்டுவிடுகிறார்கள். 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது பெரிய கோயில். மற்ற இரண்டும் 2004-ல்தான் சேர்ந்தன. அதனால் தஞ்சாவூர்தான் மையம் என்ற எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. என் கணக்கில் இரவு தங்க வேண்டிய ஊர் கும்பகோணம்.

சாப்பாடு, ரூம் வசதி, ஏடிஎம் இவற்றில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. முடிவைத் தீர்மானிப்பது நடை சாத்தும் நேரம். பகல் 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் வெறுங்காலோடு கல் தளத்தில் நிற்கவும் முடியாது. ஆக, இரண்டு நாள் பயணம் என்றால் உங்கள் கையில் இருப்பது நான்கு பொழுதுகள்தான்: இரண்டு காலை, இரண்டு மாலை. ஒரு பொழுதைச் சாலையில் தொலைத்தால் ஒரு கோயிலே போய்விடும்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். கும்பகோணத்திலிருந்து தாராசுரம் 4 கிலோமீட்டர், ஆட்டோ போதும். கங்கைகொண்ட சோழபுரம் 35 கிலோமீட்டர் அளவில். தஞ்சாவூரிலிருந்து அதே கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போய்வருவதற்குள் காலைப்பொழுதில் பாதி கரைந்துவிடும். நான்குவழிச் சாலையால் காரில் போகிறவர்களுக்கு நேரம் குறையும்தான். ஆனாலும் தூரம் இரட்டிப்பு என்பது மாறப்போவதில்லை. மூன்றில் இரண்டு கோயில்கள் கும்பகோணத்துப் பக்கம் இருக்கும்போது, தஞ்சையில் தங்கினால் இரண்டு நாளும் ஒரே சாலையில் போய்வந்துகொண்டிருப்பீர்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. எழும்பூரில் இரவு ஏறும் உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தைத் தொட்டுத்தான் தஞ்சாவூர் போகிறது. போகும்போது கும்பகோணம் வரைக்கும், திரும்பும்போது தஞ்சாவூரிலிருந்தும் டிக்கெட் எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்பி அலைய வேண்டாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். வார இறுதிக்கு அன்றே எடுப்பது நல்லது. ரயில் விடியுமுன் கொண்டுபோய் இறக்கும் என்பதால் லாட்ஜில் முன்கூட்டியே போன் செய்து, வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேளுங்கள். 24 மணிக் கணக்கு என்றால் சனி விடிகாலை எடுத்த ரூமை ஞாயிறு விடிகாலையே விட வேண்டும். 12 மணிக் கணக்கு என்றால் விடிகாலை வருகைக்குக் கூடுதலாகக் கேட்கலாம். ஞாயிறு காலை 10 வரை என்று பேசி வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

சனி காலை 7 மணிக்குள் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிளம்பிவிடுங்கள். பஸ்ஸில் போனால் ஜெயங்கொண்டம் வண்டிதான். ஊர் வழியாகப் போகுமா என்று கேட்டு ஏறவும். கண்டக்டரிடம் ‘கங்கைகொண்ட சோழபுரம்’ என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். வெறும் ‘சோழபுரம்’ என்றால் வழியில் அதே பெயரில் இருக்கும் வேறு ஊரில் இறக்கிவிட்டுவிடுவார்கள். கோயிலில் வடபுறப் படிக்கட்டருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்துக்கு (சண்டேசருக்குச் சிவன் அருளும் காட்சி) மட்டும் அரை மணி ஒதுக்கலாம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடசுவர் நாள் முழுக்க நிழலில் இருக்கும். கண்ணுக்கு அது இதம்தான், போனில் படம் எடுத்தால் மங்கலாக வரும்.

12 மணியளவில் கும்பகோணம் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, வெயில் நேரத்தைப் பக்கத்திலுள்ள சுவாமிமலையின் வெண்கலச் சிலைப் பட்டறைகளுக்குக் கொடுங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிற்பம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். உலோகம் வார்ப்பதைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும். மெழுகு வேலையும் உளி வேலையும் பெரும்பாலும் பார்க்கக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்க வாய்ப்புண்டு, அதனால்தான் சனி. அங்கிருந்து 4 மணிக்குத் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய இந்தக் கோயிலை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் குனிந்தும் பார்க்க வேண்டும்: கருவறைச் சுவரின் அடிவரிசையில் அறுபத்துமூவர் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக ஓடுகின்றன. சாய்வு வெயில் விழும்போதுதான் அவை தெளியும்.

ஞாயிறு காலை சாரங்கபாணி, கும்பேசுவரர், மகாமகக் குளம் என்று ஊருக்குள் நடந்துவிட்டு 10 மணிக்குப் புறப்பட்டால் 11.30-க்குத் தஞ்சை அரண்மனை. நண்பகலுக்குக் கூரைக்கடியில் பார்க்க இவ்வளவு இருப்பது தஞ்சாவூரின் உண்மையான பலம். சில பிரிவுகளுக்கு மதிய இடைவேளை உண்டு என்பதால் நுழைந்ததும் கலைக்கூடத்தை முதலில் முடித்துவிடுங்கள். திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி என்ற சிவனின் வெண்கலச் சிலை அங்கேதான் இருக்கிறது. முந்தைய நாள் பட்டறையைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தலைப்பாகையின் மடிப்பு வேறு மாதிரி தெரியும்.

மாலை 4 மணிக்குப் பெரிய கோயில். 1010-ல் முடிந்த கோயில், கிழக்கு நோக்கியது. மாலையில் கிழக்கே உள்ள கேரளாந்தகன் வாசல் பக்கமிருந்து படம் எடுத்தால் விமானம் (கருவறை மேல் எழும் கோபுரம்) கறுத்துத்தான் விழும். பின்னால் போய்த் தென்மேற்கு மூலையில் நின்று எடுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் உள்வளைந்து ஏறும், இது நேர்கோட்டில் கூராகி ஏறும். அடுத்தடுத்த நாளில் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் மனசில் நிற்கும். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்கள் பொதுப் பார்வைக்கு இல்லை, அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

இந்தத் திட்டம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பிரதோஷம். அன்று மாலை பெரிய கோயிலில் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெருக்கியடிக்கும். நாட்காட்டியைப் பார்த்து, ஞாயிறு பிரதோஷமாக இருந்தால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: சனி காலை தஞ்சாவூரிலேயே இறங்கிப் பெரிய கோயில், அரண்மனை, மாலை தாராசுரம், ஞாயிறு காலை கங்கைகொண்ட சோழபுரம், மதியம் சுவாமிமலை, இரவு கும்பகோணத்தில் ரயில். பட்டறை கிடைக்காமல் போகலாம், கோயில் மூன்றும் கிடைத்துவிடும். இரவு தங்குவது அப்போதும் கும்பகோணம்தான். நவகிரக யாத்திரை செல்பவர்களும் இங்கேதான் தங்குவார்கள், முகூர்த்த நாள் வேறு சேர்ந்தால் ரூம் கிடைக்காது. அதனால் ரயில் டிக்கெட்டோடு ரூமையும் உறுதி செய்துவிடுங்கள்.

தஞ்சாவூரில் தங்குவது யாருக்குச் சரி? ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு. திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கும். அங்கிருந்து தஞ்சை சுமார் 60 கிலோமீட்டர், கும்பகோணம் அதைத் தாண்டி இன்னும் 40. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு வருகிறவர்கள் கோயிலுக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்து, பெரிய கோயிலைக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று பிரித்துப் பார்க்கலாம். அப்படி வருகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த முறைக்கு விட்டுவிட்டு, தாராசுரத்துக்கு மட்டும் ஒரு மாலை காரில் போய்வருவது நல்லது.