போன்சாய் கற்க யார் வீடியோ? என் ஓட்டு நைஜல் சாண்டர்ஸுக்கு

யூடியூபில் போன்சாய் பக்கம் போனால் நான்கு பேர் அடிக்கடி கண்ணில் படுவார்கள். இங்கிலாந்தின் பீட்டர் சான், கனடாவின் நைஜல் சாண்டர்ஸ், அமெரிக்கர்களான ரயன் நீல், பியோர்ன் பியோர்ஹோம். நால்வருமே கைதேர்ந்தவர்கள், பேச்சிலும் படப்பிடிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் ஆல், இச்சி, போகன்வில்லா வளர்ப்பவருக்கு யார் அதிகம் உதவுவார் என்று பார்த்தால் நான் நைஜல் பக்கம்தான்.

ரயன் நீல், ஜப்பானில் மசாஹிகோ கிமுரா என்ற போன்சாய் கலைஞரிடம் பல ஆண்டுகள் சீடராக இருந்தவர். அமெரிக்காவின் ஒரேகானில் இருக்கும் அவருடைய போன்சாய் மிராய் என்ற தோட்டத்தின் முழுப் பாடங்களுக்குச் சந்தா கட்ட வேண்டும். தொட்டி மண்ணில் நீரும் காற்றும் எப்படிச் சமன்பட வேண்டும் என்பதை அவரைப் போல விளக்க ஆளில்லை. பியோர்ன், ஒசாகாவில் கெய்ச்சி புஜிகாவாவிடம் பயின்றவர். கிளையை வளைத்து நிறுத்தக் கம்பி சுற்றுவதை அவர் கையில் பார்க்க வேண்டும். ஆனால் இருவரும் பெரும்பாலும் எடுப்பது பைன், ஜூனிபர் போன்ற குளிர் தேச மரங்கள். அவற்றில் எனக்கு அனுபவம் மிகக் குறைவு. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் வேறு முடிவுக்கு வரலாம்.

பீட்டர் சானுக்கு இரண்டாமிடம். சர்ரேயில் ஹெரான்ஸ் என்ற நர்சரி நடத்துகிறார். செல்சி மலர்க் கண்காட்சியில் பல தங்கப் பதக்கங்கள் வாங்கியவர். சாதாரண நர்சரிச் செடியை எடுத்து, தயங்காமல் பாதிக்கு மேல் வெட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் மரத்தைக் காட்டுவார். வெட்டப் பயப்படுகிறவர்கள் அவரிடம்தான் முதலில் போக வேண்டும். கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் பிடிக்க வைக்கும் காற்றுப் பதியன் வீடியோக்களும் அருமை. ஆனால் அது பெரிய நர்சரி. சில மரங்களிடம் திரும்பி வருவார் என்றாலும், இன்று வெட்டிய மரம் பிறகு என்ன ஆனது என்பது பல நேரம் நமக்குத் தெரிவதில்லை.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த விஷயம்தான். போன்சாயில் வெட்டுவது அரை மணி நேர வேலை. அது சரியான வெட்டா என்று மரம் பதில் சொல்ல மாதங்கள் ஆகும். அந்தப் பதிலைக் காட்டாத பாடம் பாதிப் பாடம். நைஜலின் 'தி போன்சாய் ஜோன்' சேனலில் அதே மரங்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு கிளையை எந்த இலைக்கு மேலே வெட்டினார், அந்தக் கணுவில் எத்தனை துளிர் வந்தது, எதை வைத்து எதைக் கிள்ளினார் என்று தொடர்ச்சியாகப் பார்க்கலாம். தொட்டி மாற்றும்போது கீழ்நோக்கிப் போகும் வேர்களை வெட்டிவிட்டு, மற்றவற்றைச் சக்கரத்து ஆரங்கள்போல் நாலாபக்கமும் பிரித்து வைப்பார். அடுத்த முறை அதே மரத்தை வெளியே எடுக்கும்போது அடிமரம் எப்படி அகன்றிருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அவரிடம் அத்தி, ஆல் இனத்து மரங்கள் நிறைய இருப்பது நமக்கு இன்னும் வசதி. கம்பியை அதிகம் நாடாமல், வெட்டி வளரவிட்டே வடிவம் கொண்டுவருகிறார். நம் வெயிலில் இச்சிக் கிளை வேகமாகப் பருக்கும். கம்பியைச் சில வாரங்கள் கவனிக்காமல் விட்டாலே பட்டைக்குள் புதைந்து தழும்பாகிவிடும். வெட்டி வளர்த்தால் அந்தக் கவலையே இல்லை. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஆண்டு முழுக்கத் துளிர்க்கும் ஊரில் அது பெரிய இழப்பாக எனக்குத் தெரியவில்லை.

அவரிடமும் ஒன்றை நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். கனடாவின் குளிர்காலத்தில் அவர் இந்த அத்தி, ஆல் இனத்து மரங்களை வீட்டுக்குள் விளக்கொளியில் வைத்திருப்பார். அவருடைய மாதக் கணக்கு நமக்குப் பொருந்தாது. கத்திரி வெயில் தணிந்து, புதுத் துளிர் ஓடும் நேரமாகப் பார்த்துத்தான் நான் தொட்டி மாற்றுகிறேன். மண் கலவை பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் ரயனின் இலவச வீடியோக்களைத் தேடிப் போகிறேன்.