தூத்துக்குடியில் கூரைக் கான்கிரீட் ரிப்பேர்: மிச்சப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கடலோரத்தில் பழைய கான்கிரீட் வீடு வைத்திருப்பவர்கள், கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்று ஆள் தேடும்போது, ‘ஸ்ட்ரக்சுரல் ரிப்பேர்’ என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு வெறும் பூச்சு வேலை செய்துவிட்டுப் போகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தூத்துக்குடியில் என் பெற்றோர் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் ஒப்பந்ததாரரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

வீடு 1990-களின் தொடக்கத்தில் கட்டியது. அந்தத் தெருவில் அப்போது கட்டிய பல வீடுகளைப் போலவே, சற்று உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கலவை போட்ட வீடு. படுக்கையறைக் கூரையில் காற்றாடிக்குப் பக்கத்தில் காரை விழுந்து, துருவேறிய இரண்டு கம்பிகள் வெளியே தெரிந்தன. பார்க்க வந்த ஒப்பந்ததாரர், “அண்ணாச்சி, கம்பி நல்லாத்தான் இருக்கு, மேல இருக்க காரைதான் போயிருக்கு, கெமிக்கல் ட்ரீட்மென்ட் குடுத்தா இன்னும் முப்பது வருஷம் நிக்கும்” என்று என் அப்பாவிடம் சொன்னார். கொட்டேஷனில் எழுதியிருந்தவை கேட்பதற்கு முறையாகவே இருந்தன: தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தல், கம்பியின் துருவை முழுவதும் நீக்கித் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்தல், தேவைப்படும் இடங்களில் புதுக் கம்பி கட்டுதல், பாலிமர் மார்ட்டர் (பிடிப்புக்காகப் பாலிமர் திரவம் சேர்த்த சிமென்ட் கலவை) வைத்தல், மொட்டை மாடியில் வாட்டர் ப்ரூஃபிங் செய்து புதிய ஓடு பதித்தல். மொத்தம் இரண்டே கால் லட்சம் ரூபாய், பாதி அட்வான்ஸ்.

நம்பிக்கை வருவதற்காக அவர் ஒரு ஹாமர் டெஸ்ட்டும் செய்து காட்டினார். கான்கிரீட்டின் மேல் அழுத்தினால் உள்ளிருக்கும் சுத்தி துள்ளித் திரும்பும் அளவை ஒரு எண்ணாகக் காட்டும் கருவி அது. எண் அதிகமாக வந்ததும் தளம் பலமாக இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். அந்தக் கருவி அளப்பது மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பல ஆண்டுகளாக உள்ளே ஊறிய பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு இறுகிவிடுவதால் எண் கூடித்தான் வரும். அப்படிப்பட்ட கான்கிரீட்டில் உண்மை வலிமையைவிட 50 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 வரை இந்தச் சோதனைக்கான இந்தியத் தர நிர்ணயமாக இருந்த ஐ.எஸ். 13311 இரண்டாம் பகுதியே எச்சரித்தது. கம்பியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சோதனை ஒரு வார்த்தையும் சொல்லாது. கேள்வியே கம்பியைப் பற்றியதாக இருக்கும்போது கான்கிரீட்டின் மேல்தோலைத் தட்டி எண் காட்டுகிறவர் ஒன்று அறியாதவர், அல்லது நாம் அறியாதவர்கள் என்று நினைப்பவர்.

வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள், பூசிய இடங்களின் ஓரத்தை ஒட்டி, கம்பி போகும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல்கள் வந்தன. அவற்றில் செம்பழுப்புக் கறை கசிந்தது. பிறகு ஒரு பிற்பகலில், கதவின் பாதி அளவுக்குப் பூச்சு ஒரே பலகையாகப் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. முன்பு சில்லுச் சில்லாக உதிர்ந்த காரை இப்போது பலகையாக விழுந்ததற்குக் காரணம், பூச்சு நிற்பதற்காக உள்ளே அடித்திருந்த கோழிவலை. அந்த நேரத்தில் அம்மா அடுக்களையில் இருந்தார்.

இதற்குப் பிறகு வேறொரு கட்டுமானப் பொறியாளரை அழைத்தோம். அவர் முதலில் செய்தது, அந்த அறையின் கூரைக்கு அடியில் இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியது. கம்பி அரித்துப்போன தளத்தைக் கொத்துவதற்கு முன் செய்ய வேண்டிய இந்த முதல் வேலை, ஒப்பந்ததாரரின் கொட்டேஷனிலும் இல்லை, அவர் செய்யவுமில்லை. அதன்பின் சில இடங்களில் கொத்திப் பார்த்தபோது, கம்பிகளின் அடிப்பக்கத்தில் மட்டும் ஏதோ கறுப்புத் திரவத்தைப் பிரஷ்ஷால் தடவியிருந்தது தெரிந்தது. கம்பியின் மேல்பக்கம், அதாவது கான்கிரீட்டோடு ஒட்டியிருக்கும் பக்கம், தொடப்படவே இல்லை. திரவத்தின் கீழே துரு, விரலால் சுரண்டினால் அப்பளம் போல ஏடு ஏடாக வந்தது. வயர் பிரஷ் போட்டுத் துருவை எடுத்துவிட்டு வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்தபோது, 8 மி.மீ. கம்பி ஓரிடத்தில் 6 மி.மீ.தான் இருந்தது. 2 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் கம்பியின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. அது 50 சதுர மி.மீ.யிலிருந்து 28-க்கு இறங்கிவிட்டது, அதாவது ஏறக்குறைய 44 சதவீதம் போய்விட்டது.

புதுக் கம்பி என்று பில்லில் கணக்குக் காட்டியவை, அரித்த இடத்தில் பக்கவாட்டில் வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிய சாண் நீளத் துண்டுகள். எம்20 என்ற தரக் கான்கிரீட்டில் எஃப்இ415 என்ற தர முறுக்குக் கம்பி தன் முழு பலத்தையும் கைமாற்ற வேண்டுமானால் விட்டத்தைப் போல் 47 மடங்கு நீளம் கான்கிரீட்டுக்குள் பிடிப்பு வேண்டும் என்று, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-இன்படி கணக்கு வருகிறது. 8 மி.மீ. கம்பிக்கு அது சுமார் 38 செ.மீ.; அதுவும் அரிப்பில்லாத பகுதியில், இரண்டு பக்கமும். பழைய கான்கிரீட் எம்20 தரம்கூட இல்லையென்றால் இன்னும் அதிகம் வேண்டும். பூச்சுக்குள் புதைந்த சாண் துண்டு பில்லுக்கு மட்டுமே பயன்படும்.

பாலிமர் விஷயமும் அப்படியே. இத்தகைய கலவைகளில் வழக்கமாக 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் பாலிமர் திரவம் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் மொத்த வேலைக்கும் வந்தது ஒரே ஒரு 5 லிட்டர் கேன் என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார், ஏனென்றால் காலி கேனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவரேதான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

பூசிய இடத்தின் ஓரத்திலேயே ஏன் மறுபடி வெடித்தது என்பதைப் பொறியாளர் விளக்கினார். நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது; அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்போ, காரம் இருக்கும்போதே படலத்தை உடைத்துவிடுகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. உப்பு ஏறிய தளத்தில் ஓர் இடத்தில் மட்டும் புதுக் கலவையை அப்பினால், அதுவரை அந்த இடத்தில் அரித்துக்கொண்டிருந்த மின்வேதி வினை பக்கத்தில் உள்ள பழைய கான்கிரீட்டுக்கு இடம் மாறி, அங்கே முன்பைவிட வேகமாக அரிக்கத் தொடங்கும். ஆகவே விழுந்த இடத்தை மட்டும் அடைப்பது, நேர்மையாகச் செய்தாலும், கடலோரத்தில் அரைகுறை வேலைதான்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது மொட்டை மாடியைப் பார்த்தபோது. பழைய செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் காரையையும் தட்டோட்டையும் எடுக்காமல், அவற்றின் மேலேயே 2 அங்குலத்துக்குச் சிமென்ட் கான்கிரீட் போட்டு ஓடு பதித்திருந்தார்கள். 2 அங்குலக் கான்கிரீட், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் மொத்த நடமாட்டச் சுமையே சுமார் 150 கிலோதான். கம்பியில் பாதி பலம் போன தளத்தின் தலையில் நிரந்தரமாக இவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டு, அதற்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று எங்களிடமே பணம் வாங்கியிருக்கிறார்.

இதே வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் கேட்க வேண்டியது கெமிக்கலின் பெயரை அல்ல. மூடுவதற்கு முன் கம்பியை நமக்குக் காட்டுவார்களா என்பதை. கொத்திய பிறகு கம்பியின் பின்னால் விரல் நுழைய வேண்டும், சுற்றிலும் இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும், அந்த நிலையில் அளவெடுத்துப் படம் பிடித்த பிறகே மார்ட்டர் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, பணத்தின் பெரும்பகுதியை அந்தக் கட்டத்துக்குப் பிறகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுத்தியால் கூரை முழுவதையும் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடச் சொல்லுங்கள். விழுந்த இடத்தைவிட அது பெரும்பாலும் பெரிதாக இருக்கும். புதிதாக உடைத்த பரப்பில் ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது, மலிவான சோதனை. ஆனால் நிறம் வந்துவிட்டது என்பதால் உப்பு இல்லை என்று ஆகாது. அதற்குக் கான்கிரீட் தூளை எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு (உப்பில் உள்ள, கம்பியை அரிக்கும் பொருள்) எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உப்பு அளவுக்கு மீறி இருந்தால், அந்த அறையின் தளத்தையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது மலிவாக முடியலாம் என்று சொல்லக்கூடிய பொறியாளர், ரிப்பேர் வேலையை எடுத்துச் செய்யாதவராக இருப்பது நல்லது.

ஒப்பந்ததாரரிடம் கேட்டபோது, தான் கொடுத்த பத்து வருட கேரண்டி தண்ணீர் ஒழுகுவதற்கு மட்டும்தான் என்றும், காரை விழுவது வீட்டின் வயது என்றும் சொன்னார். லெட்டர்பேடை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது: கேரண்டி ‘வாட்டர் ப்ரூஃபிங்’ என்ற வரிக்கு எதிரே மட்டும். ஆனால் கொட்டேஷனில் எழுதிய வேலையைச் செய்யாமல் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு. அதற்குக் கேரண்டிச் சீட்டு தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. கொட்டேஷன், வங்கி வழியாகச் செலுத்திய விவரம், பொறியாளரின் அளவுக் குறிப்பு, விழுந்த பலகையின் படங்கள் ஆகியவற்றுடன் மனு தயாராகிறது. விழுந்த பலகையையும் சாண் கம்பித் துண்டுகளையும் குப்பையில் போடாமல் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். புதுத் தளம் போடும் வேலை, பொறியாளரின் அறிக்கை எழுத்தில் கைக்கு வந்த பிறகே தொடங்கும்.