ஓபிஎஸ் ஸ்டுடியோ: ஒரு கணித ஆசிரியரின் மதிப்பீடு

பத்தாம் வகுப்புக் கணிதப் பாடங்களை விளக்கக் குரலுடன் திரைப்பதிவாக்க இரண்டு ஆண்டுகளாக ஓபிஎஸ் ஸ்டுடியோவைப் பயன்படுத்தி வருகிறேன். 2012இல் வெளிவந்த இந்தத் திறமூல மென்பொருள் கட்டணமற்றது. நேர வரம்பு விதிப்பதில்லை, காணொளியின் மேல் தன் முத்திரையையும் இடுவதில்லை.

நேரலை ஒளிபரப்புவோரின் தேவைகளுக்கும் சேர்த்து அமைந்ததால், முதன்முறை திறக்கும் ஆசிரியருக்கு இதன் முகப்பு மலைப்பைத் தரலாம். வகுப்புக்கு வேண்டியவை சிலவே. வரைபடம் வரையும் கணித மென்பொருளான ஜியோஜீப்ராவில் இருபடிச் சமன்பாட்டின் கெழுவை மாற்றி மாற்றி, பரவளையம் ஏன் குறுகுகிறது, ஏன் கவிழ்கிறது என்று விளக்கும்போது, முழுத் திரையையும் எடுக்காமல் அந்தச் சாளரத்தை மட்டும் பதிவுக்குத் தேர்ந்தெடுத்தால், இடையில் வரும் வாட்ஸ்அப் அறிவிப்புகள் காணொளியில் நுழையா.

இதை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மைக் காரணம் ஒலிதான். படம் சற்று மங்கினாலும் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவில்லையென்றால் பாடமே நின்றுவிடும். ஒலிவாங்கிக்கு இரைச்சல் நீக்கும் வடிகட்டியைச் சேர்த்ததும் மின்விசிறியின் இரைச்சல் பெருமளவு அடங்கியது. பேசும்போது ஒலிமானி மஞ்சள் பகுதியைத் தொட்டு, சிவப்பை எட்டாமல் இருந்தால் அளவு சரி.

வெட்டி ஒட்டும் வசதி இதில் இல்லை என்பது குறைதான். பதிவை இடைநிறுத்தலாம், ஆனால் பதிவின் தரத்தை நேரலைக்குரிய அளவிலேயே விட்டிருந்தால் அந்தப் பொத்தான் கிடைக்காது. ஆகவே ஒரு கருத்துக்கு ஐந்து நிமிடம் என்று வகுத்துக்கொண்டு ஒரே மூச்சில் பேசிவிடுகிறேன்.

மாணவர்களையே, தாங்கள் கணக்குப் போடும் விதத்தை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யச் சொன்னபோதுதான் இக்கருவியின் முழுப் பயனையும் கண்டேன். எக்ஸ் வர்க்கம் சமம் 5 எக்ஸ் என்ற சமன்பாட்டுக்கு 5 என்று மட்டும் விடை எழுதிய மாணவி, "இரண்டு பக்கமும் எக்ஸ் இருக்கு, அடிச்சிடலாம்" என்று பேசியதைக் கேட்ட பிறகே, பூச்சியம் என்ற மூலம் எந்த இடத்தில் தொலைந்தது என்பதும், பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்லாமல் விட்டதும் விளங்கின. விடைத்தாளில் அது வெறும் அரை மதிப்பெண் குறைவாகவே தெரிந்திருக்கும்.

ஓபிஎஸ் கைப்பேசியில் இயங்காது. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ளமைந்து வரும் திரைப்பதிவு வசதியே, ஒலிவாங்கியை இயக்கிவிட்டால், இந்தப் பயிற்சிக்குப் போதும்.