‘மாட்டி, பேலன்ஸ் முடித்து, ரெடி’ என்று விற்கப்படும் டிராக் வீல் செட்: வாங்கும் முன் உள்பக்கத்தைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட வீலும் டயரும் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் வீலோடு டயரும் சேர்ந்த செட்டாக வாங்க நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். எனக்கு இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. யாருக்கும் அடிபடவில்லை. பட்டிருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டி முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் அறிமுகமான கார், 1.6 லிட்டர் இன்ஜின், எடை ஒரு டன்னுக்குள். கம்பெனி வீல் 14 அங்குலம், அகலம் ஐந்தரை அங்குலம், டயர் 185/60 ஆர்14. அந்த வீல்கள் உண்மையிலேயே அருமையானவை, ஒன்று ஆறு கிலோகூட வராது. சிக்கல் டயரில்தான். 14 அங்குலத்தில் டிராக்குக்கு ஏற்ற டயர் தேடினால் ஒன்றிரண்டு கிடைப்பதே பெரிது. அதனால் பலரும் 15 அங்குல வீலுக்கு மாறி 205/50 ஆர்15 போடுகிறார்கள். டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டரிலிருந்து 586க்குப் போகும். ஒன்றரை சதவீத வித்தியாசம், கியரிலும் ஸ்பீடோமீட்டரிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. நானும் அதைத்தான் தேடினேன்.

விற்றவர் டிராக் கார் பாகங்களையே தொழிலாகச் செய்பவர். பெயரை எழுதப்போவதில்லை. அனுபவசாலி என்று நண்பர்கள் சொன்னார்கள், பேச்சிலும் அப்படித்தான் தெரிந்தது. 15க்கு 7 வீல் (15 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்), டிரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200 அளவில் ஒரு டயர், இதுதான் வேண்டும் என்றேன்.

“தம்பி, 200 எல்லாம் ரோட்டுக்கு. என்கிட்ட செமி ஸ்லிக் போட்ட செட் ஒண்ணு ரெடியா இருக்கு. புது டயர், பேலன்ஸும் முடிஞ்சுது. வண்டியக் கொண்டாங்க, நானே மாட்டித் தர்றேன். கூலி வேண்டாம்.”

அந்தப் பதிலிலேயே நான் நின்றிருக்க வேண்டும். டிராக்குக்குப் புதியவருக்கு 200 அளவு டயர் நல்ல ஆசான். வழுக்கும் முன் சத்தம் போடும், மெதுவாக விடும், திருத்திக்கொள்ள நேரம் தரும். செமி ஸ்லிக் என்பது பள்ளம் குறைந்த, மென்மையான ரப்பரில் செய்த டிராக் டயர். அதன் பிடி அதிகம்தான், ஆனால் விடும்போது சட்டென்று விடும். முப்பது வயது வண்டிக்கு அந்தக் கூடுதல் பிடி வேறு செலவையும் கொண்டுவரும். ஹப் (வீல் மாட்டும் அச்சுத் தலை) பேரிங், சஸ்பென்ஷன் புஷ், பந்து மூட்டு எல்லாம் கம்பெனி டயரின் பிடிக்காகச் செய்யப்பட்டவை. நீண்ட வளைவில் இன்ஜின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சும் ஆபத்தும் பிடி கூடக் கூடக் கூடும். (டிரெட்வேர் எண்ணை அந்தந்த டயர் கம்பெனியே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு கம்பெனியின் 200ஐ இன்னொன்றின் 200ஓடு நேராக ஒப்பிட முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.) இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். இருந்தும், தெரிந்தவர் சொல்கிறாரே என்று சரி என்றேன்.

போய்ப் பார்த்தபோது நான்கு வீலும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கறுப்புப் பவுடர் கோட்டிங், புதிதாக மின்னியது. டயரில் பள்ளம் ஆழமாக இருந்தது, ரப்பர் முடிகள்கூட அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்போக்கில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. இரண்டு முத்திரையும் இருந்தன. ஜப்பானியத் தரத்தைக் காட்டும் முத்திரைகள் அவை. போலி வீலிலும் அதே எழுத்துகளை வார்த்துவிட முடியும் என்பதால், முத்திரை மட்டும் எதையும் உறுதி செய்யாது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், வெளிப்பக்கத்தை மட்டும். அவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி மாட்டும்போது நான் பக்கத்திலேயே இல்லை, போனில் பேசிக்கொண்டு நின்றிருந்தேன்.

டிராக்கில் முதல் சுற்றிலிருந்தே டயர் பிடிக்கவில்லை. சூடேறவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு சுற்று பொறுத்துப் பார்த்தேன். சூடேறியும் மாறவில்லை. மூன்றாவது வளைவில் பின்பக்கம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நழுவியது. அப்புறம் பிரேக் நன்றாகச் சூடானதும் ஸ்டீயரிங்கில் ஓர் அதிர்வு வந்தது. 100ஐத் தாண்டினால் கை மரத்துப்போகும் அளவுக்கு இருந்தது. டிராக்கை விட்டுப் பிட்டுக்குள் (வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்துவிட்டேன்.

நான்கிலும் குளிர்ந்த நிலையில் 26 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பியிருந்தேன். வந்து பார்த்தால் மூன்றில் 32, 33. இடது பின் டயரில் மட்டும் 27. சூட்டில் எல்லா டயரிலும் காற்றழுத்தம் ஏறும், இதில் ஏறவில்லை என்றால் காற்று போயிருக்கிறது என்று பொருள். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தேன், 19.

பக்கத்து பிட்டில் பழைய கார் ஒன்றை வைத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். “வால்வா இருக்கும்ணே” என்றேன். அவர் வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. வீலைக் கழற்றச் சொல்லி, உள்பக்கம் மேலே பார்க்கும்படி தரையில் படுக்கவைத்து, ரிம்மின் உள்வளையம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஒரே ஓர் இடத்தில், மூன்று விரல் நீளத்துக்கு, கடுகு கடுகாக நுரை கிளம்பியது. துடைத்தால் திரும்பவும் அதே கோட்டில் வந்தது. பிளேடால் கோட்டிங்கைச் சுரண்டினார். கீழே கிரைண்டர் ஓடிய கீறல்கள் தெரிந்தன, அதற்கும் கீழே தேய்த்துச் சமப்படுத்திய வெல்டிங்.

“தம்பி, இது ஏற்கெனவே உடைஞ்ச வீல்” என்றார் அவர்.

பிறகு ஒரு பட்டறையில் அந்த வீலை முழுவதும் சுரண்டி, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்தோம். சாயத்தைத் தடவி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியை ஸ்பிரே செய்வார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து முடி அகலத்தில் ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தது. வெல்டிங் முடிந்த இடத்தையும் தாண்டி, இரண்டு முனையிலும் நீண்டிருந்தது. ஒரு முனை ஸ்போக்கின் வேரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதை என் கண்ணால் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அலாய் வீலை வார்த்த பிறகு சூட்டில் பதப்படுத்துகிறார்கள், அதன் வலிமையில் பெரும்பகுதி அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றிலும் அந்தப் பதம் போய்விடும். அதனால் விரிசல் ஒட்டியது போல் இருக்கும், பக்கத்து உலோகம் வலுவிழந்திருக்கும். விளிம்பு லேசாக நெளிந்ததைத் தட்டி எடுப்பது வேறு, விரிசலை வெல்டிங் வைப்பது வேறு. அப்படி வெல்டிங் வைத்த வீலை டிராக்கில் ஓட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓர் அடையாளமும் இருந்தது, எனக்குத் தெரியாமல் போனது. பேலன்ஸுக்கு ஒட்டிய எடை மற்ற மூன்று வீலிலும் 30, 40 கிராம். இதில் மட்டும் 140 கிராம், வரிசையாக ஒட்டியிருந்தது.

அந்தப் பெரியவர் மற்ற மூன்றையும் கழற்றச் சொன்னார். அப்போதுதான் டயரின் உள்பக்கமும் தெரிந்தது. டயரின் ஓரத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். தேதியோடு கூடிய முழு எண் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். என் டயரில் இரண்டில் 3109, அதாவது 2009ஆம் வருடம் 31ஆவது வாரம். மூன்றாவதில் 1412. நான்காவதில் அந்த நான்கு எண்ணும் இல்லை. அந்த இடம் மட்டும் விரலுக்கு வழவழவென்று, தேய்த்து எடுத்த மாதிரி இருந்தது. இவை உள்-வெளி, சுழலும் திசை என்று எந்த அடையாளமும் இல்லாத வகை டயர்கள், எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வெளியே வைக்கலாம். நான்கிலும் தேதிப் பக்கம் உள்ளே போனது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பள்ளம் ஆழமாக இருப்பது டயர் புதிது என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டே போகும், வெயிலும் காற்றும் பட்டால் இன்னும் சீக்கிரம். டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல செமி ஸ்லிக்கில் நகம் பதிந்து மெல்ல மீளும், என்னுடையதில் மேசையில் அழுத்தியது போல் இருந்தது. முடிந்தால் ரப்பரின் கடினத்தை அளக்கும் டூரோமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். விரல் மறக்கும், அந்த எண் மறக்காது.

முன் வீல்களைக் கழற்றியபோது இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. எம்எக்ஸ்-5 ஹப்பின் நடு விட்டம் 54.1 மில்லிமீட்டர். இந்த வீலின் நடுத் துளை அதைவிட மிகப் பெரியது, இடைவெளியை விற்றவர் பிளாஸ்டிக் வளையம் வைத்து அடைத்திருந்தார். பிரேக் சூட்டில் ஒன்று இளகி, நெளிந்து, ஹப்பிலேயே ஒட்டிக் கிடந்தது. டிராக்கில் வளையம் போட்டே ஆகவேண்டும் என்றால் அலுமினியத்தில் போடுங்கள்.

இரண்டாவது, ஸ்பேசர், அதாவது வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தகடு. என் வண்டியில் முந்தைய உரிமையாளர் பெரிய முன் பிரேக் போட்டிருக்கிறார், அதன் காலிப்பரில் (பிரேக் பேடைப் பிடித்து அழுத்தும் பாகம்) ஸ்போக் இடிக்கிறது. அதைச் சொன்னால் விற்பனை நடக்காதே என்று, வீலை விற்றவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் 10 மில்லிமீட்டர் ஸ்பேசரைச் செருகி மாட்டியிருக்கிறார். நட்டு ஏறும் பழைய ஸ்டட்டை (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பி) மாற்றவில்லை. நட்டு முழுதாக ஐந்து சுற்றுதான் ஏறியிருந்தது. 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரை இடைவெளி 1.5, அதாவது ஒரு சுற்றுக்கு நட்டு 1.5 மில்லிமீட்டர் ஏறும். குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், அதாவது எட்டுச் சுற்று. வீலை மாட்டும்போது கையால் திருகி எண்ணிப் பாருங்கள், வேறு கருவியே வேண்டாம். நட்டு உட்காரும் கூம்பிலும் பவுடர் கோட்டிங் பூசியிருந்தது. அது நசுங்க நசுங்க நட்டு தளரும். காலையில் நான் 110 நியூட்டன் மீட்டரில் முறுக்கிய நட்டுகள், ஒரு ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முறுக்கியபோது இன்னும் கால் சுற்று திரும்பின.

இவ்வளவும் வீலின் பின்பக்கத்தில் இருந்தது. மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம் என்று அவர் ஏன் சொன்னார் என்பது அங்கே தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே டயர் மாட்டிய வீலை வாங்காதீர்கள். வீல் தனியாக, டயர் தனியாக வாங்குங்கள். டயரைக் கழற்றிக் காட்ட மாட்டேன் என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள். புதிதாகக் கோட்டிங் அடித்த பழைய வீல் என்றால் என்னைப் பொறுத்தவரை வேண்டவே வேண்டாம். கீறலோடு இருக்கும் பழைய வீலில் என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு வீலை வெறும் ஹப்பில் வைத்து, ஸ்போக்குக்கும் காலிப்பருக்கும் நடுவே விரல் போகிறதா பாருங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு: நான்கு ஸ்டட், 100 மில்லிமீட்டர் வட்டம், கம்பெனி 14 அங்குல வீலின் ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) 45 மில்லிமீட்டர். அதிலிருந்து எவ்வளவு குறைகிறதோ, வீல் அவ்வளவு வெளியே வரும், மட்கார்டில் உரசும், ஸ்டீயரிங் கையை இழுக்கும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதலில், “டிராக்ல ஓட்டிட்டு வந்து கம்ப்ளெயின்ட் சொன்னா எப்படித் தம்பி?” என்றார். டிராக்குக்கு என்று சொல்லித்தானே அண்ணே கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நான் வாங்கினபடியே கொடுத்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். படங்களை அனுப்பிய பிறகு இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, நான்கையும் திருப்பிக் கொடு, பாதிப் பணம் தருகிறேன், இதை எங்கேயும் எழுதாதே என்றார்.

அந்த உடைந்த வீலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அது என் பாடு, உனக்கெதுக்கு?” என்றார்.

திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் பட்டறைக்கு எடுத்துப்போய், விரிசல் வழியாகவே அந்த வீலை இரண்டாக அறுத்துவிட்டேன்.